குடோன்ல பார்ட் டைம் வேலையா? மணி நேரம், பிரேக், ஓவர்டைம் பத்தி வடசென்னை தொழிலாளிங்களுக்கு முழு வழிகாட்டி

மாதவரம், செங்குன்றம், மணலி, விச்சூர், ஆண்டார்குப்பம், திருவொற்றியூர்னு நம்ம பக்கம் எங்க திரும்புனாலும் குடோன் தான். துறைமுகத்துல இறங்குற கன்டெய்னர் சரக்குல இருந்து செல்போன்ல ஆர்டர் பண்ற செருப்பு வரைக்கும் இங்க தான் இறங்குது, பிரிக்குறாங்க, ஸ்கேன் பண்றாங்க, பெட்டி கட்டி அனுப்புறாங்க. இந்த வேலைய செய்யுறதுல நிறைய பேரு பார்ட் டைம், டெய்லி, கான்ட்ராக்ட்னு ஏதோ ஒரு பேர்ல இருக்குற நம்ம ஆளுங்க. வியாசர்பாடில இருந்தும் கொருக்குப்பேட்டைல இருந்தும் விடியுறதுக்கு முன்னாடியே கெளம்பி ஷேர் ஆட்டோவுக்கு காசு குடுத்து போயி நின்னா ஒம்போது மணிக்கு "இன்னிக்கு லோடு இல்ல, கெளம்பு"ன்னு அனுப்பிடுறாங்க. இல்லன்னா அப்படியே தலைகீழா, நாலு மணி நேர ஷிஃப்ட்னு கூப்ட்டுட்டு ஆறு மணி நேரம் தண்ணி குடிக்க கூட விடாம இழுக்குறாங்க. ரெண்டுக்கும் சட்டத்துல பதில் இருக்கு. ஆனா அது என்னன்னு தெரியாம கேக்கப் போனா சூப்பர்வைசர் ஒரே வார்த்தையில வாய அடைச்சிடுவாரு, அதனால வரிசையா சொல்றேன்.

முதல் வேலை: நீங்க யாரோட ஆளுன்னு கண்டுபிடிங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதி கேஸ் இங்க தான் விழுது. கேட்ல போர்டு ஒரு கம்பெனி பேர்ல இருக்கும், சம்பளம் போடுறது ஒரு கான்ட்ராக்டர், உங்கள கூட்டிட்டு வந்தது ஒரு மேஸ்திரி. "உன் முதலாளி யாரு"ன்னு லேபர் ஆபீஸ்ல கேட்டா மேஸ்திரி பேர சொல்லிட்டு நிக்கக் கூடாது. பேங்க் பாஸ்புக்ல சம்பளம் எந்தப் பேர்ல வருதுன்னு பாருங்க, இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) கார்டுல முதலாளின்னு யார் பேர் இருக்குன்னு பாருங்க, பிஎஃப் (சேமநிதி) பாஸ்புக்க யுஏஎன் நம்பர் (பிஎஃப்ல உங்களுக்குன்னு இருக்குற தனி நம்பர்) போட்டு திறந்தா எந்த நிறுவனம் கட்டுதுன்னு காட்டும். ஐடி கார்டு, கேட் பாஸ், சேஃப்டி ஜாக்கெட்ல இருக்குற கம்பெனி பேரு எல்லாத்தையும் ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும் சம்பளம் போயிடாது. கான்ட்ராக்டர் கூலி குடுக்கலன்னா வேலை வாங்குன மெயின் கம்பெனி தான் குடுத்தாகணும், அப்புறம் அவங்க கான்ட்ராக்டர் கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கலாம். பழைய 1970 கான்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயும் இது இருந்துச்சு, இப்ப வந்திருக்குற புது லேபர் கோடுலயும் (சட்டத் தொகுப்பு) இருக்கு.

பார்ட் டைம்னா பிஎஃப் இஎஸ்ஐ கிடையாதுன்னு சொன்னா நம்பாதீங்க. 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா இஎஸ்ஐ, 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பிஎஃப், நீங்க எத்தன மணி நேரம் வேலை பாக்குறீங்கன்றத வெச்சு அது மாறாது. இஎஸ்ஐக்கு உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் தான் புடிக்கணும், மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் வாங்குறவங்க அதுக்குள்ள வருவாங்க.

எந்தச் சட்டம், எந்த ஆபீஸ்

2025 நவம்பர் 21ல இருந்து ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, வேலையிடப் பாதுகாப்புன்னு நாலு லேபர் கோடு அமலுக்கு வந்திருக்கு. குறைந்தபட்ச கூலி சட்டம், ஃபேக்டரி சட்டம், தொழில் தகராறு சட்டம்னு நாம காலங்காலமா சொல்லிட்டு வந்த பேரெல்லாம் அந்தக் கோடுக்குள்ள போயிடுச்சு. ஆனா 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே தான் இருக்கு, நம்ம குடோன் ஆளுங்களுக்கு நேரம், பிரேக் விஷயத்துல பெரும்பாலும் இது தான் கைகொடுக்கும், ஏன்னா "கடை"ன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே வியாபாரத்துக்கு பயன்படுத்துற குடோன், கிடங்கு எல்லாத்தையும் சேர்த்து தான் எழுதிருக்காங்க. "இது கடையா, குடோன் தானே"ன்னு யாராவது சொன்னா இத சொல்லுங்க.

மணலி மாதிரி இடத்துல ஃபேக்டரி வளாகத்துக்குள்ளயே இருக்குற குடோன்னா ஃபேக்டரி விதிங்க வரும். சென்னை துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம் உள்ள வேலைன்னா மாநில லேபர் ஆபீஸ் கிட்ட போயி பிரயோஜனம் இல்ல, அது மத்திய அரசு பக்கம், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல இருக்குற மத்திய தொழிலாளர் ஆணையர் ஆபீஸுக்கு போகணும். தப்பான ஆபீஸ்ல மனு குடுத்துட்டு மாசக்கணக்கா அலையுற ஆளுங்க நிறைய, அதுக்காகத் தான் இத முன்னாடியே சொல்றேன்.

"லோடு இல்ல, கெளம்பு"ன்னா என்ன பண்றது

இந்தப் பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிங்க.

பார்ட் டைம் ஆளுக்கு வாரத்துக்கு இத்தன மணி நேரம் கண்டிப்பா குடுத்தே ஆகணும்னு நம்ம நாட்டு சட்டத்துல தனியா ஒரு வரி கிடையாது. இத நேரா சொல்லிடுறேன், ஏன்னா வாட்ஸ்ஆப்ல சுத்துற மெசேஜ நம்பி போயி ஏமாறக் கூடாது. ஆனா நாள் கூலிக்கு இருக்கு. ஊதியக் கோடு 2019, பத்தாவது பிரிவு. நாள் கணக்குல குறைந்தபட்ச கூலி நிர்ணயம் பண்ணிருக்குற ஆளு ஒரு நாள்ல முழு நேரத்துக்கு குறைவா வேலை செஞ்சாலும் முழு நாள் செஞ்ச மாதிரியே கூலி குடுக்கணும். முக்கியமான விலக்கு, நீங்களே வேலை செய்ய மாட்டேன்னு சொன்னா கெடைக்காது; அது போக அரசு விதில தனியா சொல்லிருக்குற சூழ்நிலையும் விலக்கு தான். முதலாளி வேலை குடுக்காததால நேரம் கொறைஞ்சிருந்தா அது உங்க தப்பு இல்ல, முழுக் கூலி. இது 1948 குறைந்தபட்ச கூலி சட்டத்துலயே பதினஞ்சாவது பிரிவா இருந்தது தான், புதுசா யாரும் போடுற பிச்சை இல்ல.

கணக்கு போட்டு பாருங்க. உங்க நாள் கூலி 600 ரூபாய்னு வெச்சுக்குவோம், எட்டு மணி நேரத்துக்கு. காலைல ஆறு மணிக்கு உள்ள போறீங்க, ஒம்போது மணிக்கு அனுப்புறாங்க. மணிக்கு 75 ரூபாய்னு கணக்கு போட்டு 225 ரூபாய் தருவாங்க. சட்டப்படி வரவேண்டியது 600. ஒரே நாள்ல 375 ரூபாய் போச்சு, மாசத்துல நாலு நாள் இப்படி அனுப்புனா 1,500 ரூபாய், அது ஒரு வீட்டுக்கு கேஸ் சிலிண்டரும் அரிசியும்.

அதனால அனுப்பும்போது சண்டை போட வேணாம், ஆனா சும்மாவும் கெளம்பாதீங்க. "சார், நான் வேலை செய்ய ரெடியா தான் இருக்கேன், வேற ஏதாவது வேலை குடுங்க"ன்னு கேளுங்க, அத உடனே சூப்பர்வைசர் நம்பருக்கோ ஷிஃப்ட் குரூப்லயோ மெசேஜா போடுங்க: "இன்னிக்கு காலை 9.05க்கு லோடு இல்லன்னு அனுப்பிட்டாங்க, நான் மாலை வரைக்கும் வேலை செய்ய தயாரா இருந்தேன்." அவ்ளோ தான். "அவனே போயிட்டான்"னு பின்னாடி கதை கட்ட முடியாது. அவுட் பஞ்ச் பண்ற மெஷின்ல ஸ்லிப் வந்தா கிழிச்சு போடாதீங்க.

சில இடத்துல உஷாரா "இவங்க நாள் கூலி இல்ல, மணிக் கூலி"ன்னு எழுதி வாங்கிடுறாங்க. வேலைக்கு சேரும்போது கையெழுத்து போடுற பேப்பர்ல கூலி நாளுக்கா மணிக்கான்னு பாத்துட்டு போடுங்க, அப்பாயின்மென்ட் லெட்டர் ஒவ்வொருத்தருக்கும் குடுக்கணும்னு புது பாதுகாப்புக் கோடுலயே இருக்கு. மணிக் கூலி ஆளுங்களுக்கு பத்தாவது பிரிவ வெச்சு சாதிக்குறது கஷ்டம், அவங்களுக்கு மணி நேர உத்தரவாதம் யூனியன் ஒப்பந்தத்துல தான் வரணும், அத கடைசில சொல்றேன்.

பிரேக்: நாலு மணி நேரம், ஒரு மணி நேரம்

கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு மணி நேரம் ஓய்வு குடுக்காம ஒரு நாள்ல நாலு மணி நேரத்துக்கு மேல யாரையும் வேலை வாங்கக் கூடாது. ஃபேக்டரி விதில பழைய கணக்கு அஞ்சு மணி நேரத்துக்கு அரை மணி நேரம், அத இங்க கொண்டு வந்து "அரை மணி நேரம் தான்"னு சொல்றது தப்பு.

பார்ட் டைம் ஆளுங்க இதுல ஒண்ணு கவனிக்கணும். ஷிஃப்ட்ட சரியா நாலு மணி நேரமா வெக்குறது இந்த ஒரு மணி நேரத்த குடுக்காம இருக்கத் தான். ஆறு டு பத்து. ஆனா பத்து மணிக்கு ஒரு வண்டி டாக்ல வந்து நிக்கும், "இத மட்டும் இறக்கிட்டு போங்க"ன்னு சொல்லுவாங்க, பேலட்ட இழுத்து ஸ்கேன் பண்ணி அடுக்கி முடிக்க பதினொண்ணரை ஆயிடும். பத்து மணி தாண்டுன அந்த நிமிஷத்துல இருந்து அது சட்ட மீறல், ஓய்வு குடுக்காம நாலு மணி நேரம் தாண்டியாச்சு. வேலை இருந்தா பிரேக் குடுத்துட்டு வாங்கு, இல்லன்னா அனுப்பு, இது தான் கேக்க வேண்டியது.

இன்னொண்ணு, உடைச்ச ஷிஃப்ட். காலைல ஆறு டு பத்து, திரும்ப சாயங்காலம் அஞ்சு டு ஒம்போது. எட்டு மணி நேரம் தானேன்னு தோணும். ஆனா வேலையும் இடைவெளியும் சேர்த்து ஒரு நாள்ல 12 மணி நேரத்துக்கு மேல பரவக் கூடாது, ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் பதினஞ்சு மணி நேரம் ஆகுது. நடுவுல புழல்ல இருந்து வீட்டுக்கு போயிட்டு திரும்பி வர முடியாம கேட்டுக்கு வெளிய மர நிழல்ல படுத்துக் கெடக்குற அக்காங்கள நான் பாக்குறேன், அந்த நேரம் யாரோட நேரம்னு எனக்கு கோவம் தான் வருது.

பிரேக்குன்னா வேலை இல்லாத நேரம். டிபன் பாக்ஸ திறந்து வெச்சுட்டு ஸ்கேனர் அடிக்குதான்னு பாத்துட்டு இருக்குறது பிரேக் இல்ல. பாத்ரூம் போற நேரத்த பிரேக்ல கழிக்குறதும் டார்கெட்ல கழிக்குறதும் ஏத்துக்கவே கூடாது. உக்காரவும் உரிமை இருக்கு, 2021ல தமிழ்நாடு அரசு இந்தச் சட்டத்துல 22ஏ பிரிவு சேர்த்து எல்லா தொழிலாளிக்கும் உக்கார வசதி பண்ணணும்னு சொல்லிடுச்சு, அது துணிக்கடைக்கு மட்டும்னு பலரு நெனைக்குறாங்க, பேக்கிங் டேபிள் முன்னாடி நிக்குற நம்ம ஆளுங்களுக்கும் சேர்த்து தான்.

பிரேக்குக்காக பேசுறத சின்ன விஷயம்னு யாராச்சும் சொன்னா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்ல நெனச்சுக்கோங்க. மதிய சாப்பாட்டுக்கு குடுக்குற நேரம் போதலன்றது அங்க தொழிலாளிங்களோட முக்கியமான குறைகள்ல ஒண்ணு. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா எல்லாம் சேர்ந்து 1918 ஏப்ரல் 27ல மெட்ராஸ் லேபர் யூனியன ஆரம்பிச்சாங்க, நாட்டுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு அதத் தான் சொல்றாங்க. நம்ம ஏரியால நடந்தது இது.

ஓவர்டைம்

சீக்கிரம் சொல்லிடுறேன். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல செஞ்சா ரெண்டு மடங்கு கூலி. கடைகள் சட்டத்துல ஓவர்டைமும் சேர்த்து நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம் தாண்டக் கூடாது. 600 ரூபாய் நாள் கூலின்னா ஓவர்டைம் மணிக்கு 150, "பிரியாணி வாங்கித் தரேன்"ன்றது கூலி இல்ல. நாலு மணி நேர ஷிஃப்ட் ஆளு ஆறு மணி நேரம் செஞ்சா அந்த ரெண்டு மணிக்கு சட்டப்படி சாதாரண கூலி தான், டபுள் எட்டுக்கு மேல தான் ஆரம்பிக்கும், இதுவும் ஒப்பந்தத்துல மாத்த வேண்டிய ஒரு இடம்.

2023 ஏப்ரல் 21ல சட்டசபைல 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறுனது ஞாபகம் இருக்கும். எல்லா சங்கமும் எதிர்த்து நின்னதுல நிறுத்தி வெச்சு மே 1ஆம் தேதி வாபஸ் வாங்கிட்டாங்க. இன்னும் "12 மணி நேரம் தான் சட்டம்"னு சில மேஸ்திரிங்க சொல்றாங்க, நம்பாதீங்க.

நோட்டு போடுங்க, இன்னிக்கே

சின்ன நோட்டு புக் ஒண்ணு போதும். தேதி, உள்ள போன நேரம், பிரேக் எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும், வெளிய வந்த நேரம், சீக்கிரம் அனுப்புனா யாரு என்ன சொல்லி அனுப்புனாங்க, கூட யாரெல்லாம் இருந்தாங்க, கைக்கு வந்த காசு. அன்னன்னிக்கே எழுதணும், மாசக் கடைசில உக்காந்து மொத்தமா எழுதுனா அது பாத்த உடனே தெரிஞ்சிடும். பஸ் டிக்கெட், ஷேர் ஆட்டோ ஜிபே, கேட்டுக்கு முன்னாடி எடுத்த செல்ஃபி, "நாளைக்கு 20 பேர் போதும்"னு வர்ற குரூப் மெசேஜ் எல்லாமே சாட்சி. குரூப்ல இருந்து தூக்கிட்டா மெசேஜ் கெடைக்காம போகலாம், முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுல வேற ஒருத்தர் ஃபோனுக்கு அனுப்பி வைங்க.

உங்க நோட்டு ஏன் அவ்ளோ முக்கியம்னா, ஊதியக் கோடு 59ஆவது பிரிவுப்படி கூலி கொறைவா குடுத்தாங்கன்னு நீங்க மனு போட்டா, குடுத்துட்டோம்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி. அவங்க ரெஜிஸ்டர கொண்டு வருவாங்க, அதுல எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒம்போது டு ஆறுன்னு ஒரே பேனால எழுதிருக்கும். உங்க நோட்டுல 6.02, 9.07, 11.34ன்னு இருந்தா எது நெசம்னு அதிகாரிக்கு புரியும். வெள்ளப் பேப்பர்லயோ நிரப்பாத வவுச்சர்லயோ மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்து போடாதீங்க, பின்னாடி அது ராஜினாமா லெட்டரா மாறி வரும்.

கேக்குறது எப்படி

தனியா போகாதீங்க, ரெண்டு பேராவது சேர்ந்து போங்க. முதல்ல வாயால சொல்லுங்க, ஒரு வாரத்துல சரியாகலன்னா எழுதிக் குடுங்க. லெட்டர் நீளமா வேணாம், இது போதும்:

"ஐயா, நான் உங்கள் கிடங்கில் பேக்கிங் பிரிவில் நாள் கூலிக்கு வேலை செய்கிறேன். இந்த மாதம் 4, 11, 19 ஆகிய தேதிகளில் வேலை இல்லை என்று கூறி முன்கூட்டியே அனுப்பப்பட்டேன். முழு நாளும் வேலை செய்யத் தயாராக இருந்தேன். ஊதியக் கோடு 2019 பிரிவு 10ன்படி அந்த நாட்களுக்கான மீதிக் கூலியை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கான்ட்ராக்டருக்கு ஒண்ணு, மெயின் கம்பெனி மேனேஜருக்கு ஒண்ணு. கைல குடுத்தா காப்பில கையெழுத்தும் சீலும் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத நோட்டுலயே ஒட்டி வைங்க.

யூனியன் இருந்தா கிளைச் செயலாளர் தோழர் கிட்ட காப்பி குடுங்க. யூனியன் இல்லன்னா ஏழு பேர் சேர்ந்து பதிவுக்கு மனு போடலாம், ஆனா அந்த இடத்துல வேலை செய்யுறவங்கள்ல பத்து சதவீதமோ நூறு பேரோ, எது கம்மியோ அத்தன பேர் உறுப்பினரா இருக்கணும். எனக்கு கேட்டா புதுசா ஆரம்பிக்குறத விட சிஐடியு, ஏஐடியுசி, எல்பிஎஃப், எச்எம்எஸ்னு ஏற்கனவே இருக்குற சங்கத்துல கிளை ஆரம்பிக்குறது நல்லது, லேபர் ஆபீஸ் வழி தெரிஞ்ச ஆளு கூட இருப்பாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களும் சங்கத்துல சேரலாம், சேர்ந்ததுக்காக வேலைய விட்டு தூக்குறது சட்டத்துல நேர்மையற்ற தொழில் நடைமுறை.

லெட்டருக்கு பதில் இல்லன்னா லேபர் ஆபீஸ். கூலி பாக்கிக்கு மூணு வருஷம் வரைக்கும் பின்னாடி போயி மனு போடலாம், நீங்களே போடலாம், உங்களுக்காக யூனியனும் போடலாம், பாக்கியோட சேர்த்து பத்து மடங்கு வரைக்கும் நஷ்ட ஈடு போட அதிகாரிக்கு பவர் இருக்கு. பிரேக், உடைச்ச ஷிஃப்ட் மாதிரி விஷயத்துக்கு தொழிலாளர் உதவி ஆய்வாளர் கிட்ட புகார், அவரு வந்து பாக்கலாம். எந்த ஆபீஸ்னு பாக்கும்போது குடோன் இருக்குற எடத்த வெச்சு பாருங்க, உங்க வீட்ட வெச்சு இல்ல: வீடு தண்டையார்பேட்டை, குடோன் செங்குன்றம் தாண்டின்னா அது திருவள்ளூர் மாவட்டம். வக்கீல் வேணும்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100, தொழில் தகராறுல தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே உதவி பண்ணணும்னு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல இருக்கு.

திடீர்னு ஷிஃப்ட் நேரத்தையோ ஓய்வு நேரத்தையோ மாத்துனா இன்னொரு வழியும் இருக்கு. வேலை நேரம், இடைவேளை மாத்துறதுக்கு முதலாளி 21 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். பழைய ஆளுங்க இத "9ஏ நோட்டீஸ்"னு சொல்லுவாங்க, இப்ப தொழில் உறவுக் கோடுல 40ஆவது பிரிவு.

ஒப்பந்தத்துல என்ன கேக்கணும்

மணிக் கூலி பார்ட் டைம் ஆளுங்களுக்கு உண்மையான பாதுகாப்பு இங்க தான். துறைமுகத்துல ஒரு காலத்துல தினம் கேட்ல நின்னு ஆள் பொறுக்குற வழக்கம் தான் இருந்துச்சு. 1948 துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்து, அதுக்கு கீழ திட்டம் போட்டு, பதிவான தொழிலாளிக்கு வேலை இல்லாத நாள்லயும் ஒரு தொகை, மாசத்துக்கு இத்தன நாள் கூலி உத்தரவாதம்னு வந்துச்சு. அமெரிக்காவுல யுபிஎஸ் கம்பெனி கிடங்குல டீம்ஸ்டர்ஸ் யூனியன் போட்ட ஒப்பந்தத்துல, ஷிஃப்ட்டுக்கு வர்ற பார்ட் டைம் ஆளுக்கு நாளைக்கு மூன்றரை மணி நேரக் கூலி உத்தரவாதம். அதனால நடக்காத விஷயத்த கேக்குறோம்னு கூச்சப்படாதீங்க.

கோரிக்கை எழுதும்போது "போதுமான வேலை", "நியாயமான இடைவேளை"ன்னு எழுதாதீங்க, அத வெச்சு ஒண்ணும் புடுங்க முடியாது. நம்பர் போடுங்க: கேட்ல நொழைஞ்சா குறைஞ்சது நாலு மணி நேரக் கூலி, வாரத்துக்கு குறைஞ்சது 24 மணி நேரம், அடுத்த வார ஷிஃப்ட் லிஸ்ட் சனிக்கிழமைக்குள்ள ஒட்டணும், முந்தின ராத்திரி கேன்சல் பண்ணா பாதிக் கூலி, நாலு மணி நேர ஷிஃப்டுக்குள்ள கூலியோட பதினஞ்சு நிமிஷ டீ பிரேக், ஷிஃப்ட் நேரம் தாண்டுனா ஒன்றரை மடங்கு, ஏப்ரல் மே மாசத்துல தகர ஷெட்டுக்கு கீழ வேலை செய்யுறவங்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தண்ணி குடிக்க பத்து நிமிஷம். வெயில் அலைய தமிழ்நாடு அரசே 2024ல மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்கு, அத கோரிக்கைல எழுதுங்க. புது ஆள எடுக்குறதுக்கு முன்னாடி இருக்குற பார்ட் டைம் ஆளுக்கு கூடுதல் மணி நேரம், சீனியாரிட்டி படி, இதுவும் கண்டிப்பா வேணும், இல்லன்னா உங்களுக்கு நேரத்த கொறைச்சிட்டு புது ஆளுக்கு குடுப்பாங்க.

வெறுமன கம்பெனியும் சங்கமும் உக்காந்து போடுற ஒப்பந்தம், பழைய தொழில் தகராறு சட்டப் பிரிவுப்படி 18(1)னு சொல்றது, கையெழுத்து போட்ட சங்கத்து ஆளுங்கள தான் கட்டுப்படுத்தும். லேபர் ஆபீஸர் முன்னாடி சமரசப் பேச்சுவார்த்தைல போடுறது, 12(3)ன்னு சொல்லுவோமே, அது அந்த இடத்துல இருக்குற எல்லா தொழிலாளிக்கும், நாளைக்கு புதுசா சேர்றவங்களுக்கும் செல்லும். முடிஞ்ச வரைக்கும் இதுக்கே போங்க. மெயின் கம்பெனியையும் ஒரு தரப்பா சேர்த்து கையெழுத்து வாங்குங்க, "கான்ட்ராக்டர் மாறினாலும் இதே ஆளுங்க, இதே சர்வீஸ், இதே ஷரத்து"ன்னு ஒரு வரி இருக்கணும். அந்த வரி இல்லன்னா பழைய கான்ட்ராக்டரோட ஒப்பந்தமும் போயிடும், அடுத்தவரு வந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து பேசச் சொல்லுவாரு. கையெழுத்தான அன்னிக்கே காப்பிய ஆளுக்கு ஒண்ணு ஃபோன்ல அனுப்பிட்டு, ஒண்ண நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, ஒப்பந்தம் முடியுற தேதிய நீங்க நேரம் எழுதுற நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வெச்சு, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அடுத்த கோரிக்கைய குடுத்துடுங்க.